எட்டு இன்னும் காலி ஆகவில்லை

என் வாழ்நாளில் நான் ஒரு துப்பாக்கியைக்கூடச் சுட்டதில்லை. பொருட்காட்சியில் பலூன் சுடுகிற துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை. அப்படிப்பட்ட நான், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரே காலையில் ஏழு பேரைக் காலி செய்த கும்பலில் ஒருவன் என்று ஒரு மணி நேரத்துக்குப் பேர் வாங்கியிருக்கிறேன். அதற்குக் காரணம் துப்பாக்கி இல்லை. என்னுடைய தமிழ்ப்பற்றும், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் போனதும்தான்.

தென்காசி தனி மாவட்டமானதும் புது ஆபீஸுக்கு ஆள் போதவில்லை என்று கோயம்புத்தூரிலிருந்து என்னைத் தூக்கி இங்கே போட்டார்கள். மனைவி செல்வி கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் யாழினிக்குப் பள்ளிக்கூடம் அங்கே. எனவே நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மாதத்துக்கு ஒரு தடவை நான்தான் கோவைக்குப் போவேன். அவர்கள் இங்கே வந்ததே இல்லை.

வந்து ஒன்றரை வருஷத்தில் ஆபீஸ் நேரம் போக நான் பேசிய ஆட்கள் இரண்டே பேர். மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர் ஒருவர். கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்தால் பேசுகிற பெண் குரல் இன்னொருவர். (அது ரெக்கார்டு என்று தெரிந்தும் ஒருநாள் "நன்றிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.)

நான் இருந்தது ஒரு மாடி போர்ஷன். வீட்டுக்காரர் வெளியூர். நான் குடிவந்த பிறகும் வாசல் கேட்டில் 'வீடு காலி' என்கிற போர்டை அவர் கழற்றவில்லை. வாடகைக்கு வீடு கேட்டு ஆட்கள் படியேறி வருவார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, அவர்களோடாவது ஐந்து நிமிஷம் பேசலாமே என்று நானும் போர்டை விட்டுவிட்டேன். வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, "வீடு காலி இல்லை" என்று கடைசியில்தான் சொல்லுவேன்.

இந்த நிலைமையில், மே மாத லீவுக்குப் பதினைந்து நாள் என்னோடு இருக்க யாழினி வந்தாள். பதின்மூன்று வயது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றேன். இறங்கியவள், "நல்லா இருக்கீங்களாப்பா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சின்னப் பிள்ளையில் "அப்பா வா, அப்பா போ" என்றுதான் கூப்பிடுவாள். நான் மாற்றலாகி வந்தபிறகு எப்படியோ 'நீங்க' வந்து உட்கார்ந்துகொண்டது. பெற்ற மகள் மரியாதை கொடுக்கிறாளே என்று வருத்தப்படுகிற ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

மூன்று நாள் ஓடிற்று. சாப்பிட்டியாம்மா என்றால் "ம்". போர் அடிக்குதா என்றால் "இல்ல". அருவிக்குப் போகலாமா என்று கூட்டிப் போனேன். மே மாதத்தில் குற்றாலத்துக்கு யார் வருவார்கள்? எண்ணெய்க் கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. பாறையில் ஒரு குழாய்த் தண்ணீர் அளவுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். இந்தப் பிள்ளை அடுத்த லீவுக்கு வரமாட்டாள் என்று பஸ்ஸில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான்காம் நாள் மெஸ் சுவரில் ஒரு நோட்டீஸைப் பார்த்தாள். ஓர் இளைஞர் மன்றம் நடத்துகிற கோடைப் பயிற்சி. பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஏர் ரைபிளில் குறி பார்த்துச் சுடக் கற்றுக் கொடுக்கிறார்கள். "இதுக்குப் போகலாமாப்பா?" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது. கையிலிருந்த தோசையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

குற்றாலம் ரோட்டில் ஒரு தென்னந்தோப்புக்குள் பழைய கயிறு ஷெட். அதுதான் பயிற்சிக்கூடம். ஒரு முனையில் மேசைகள், மேசைகளை ஒட்டி யாரும் தாண்டக் கூடாத ஒரு சுண்ணாம்புக் கோடு, பத்து மீட்டர் தள்ளி குறி அட்டைகள், அட்டைகளுக்குப் பின்னால் கனமான செங்கல் சுவர். பயிற்சி கொடுத்தவர் இசக்கி மேடம். ஆயுதப்படைப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் அரை நாள் துப்பாக்கியைப் பிள்ளைகளின் கண்ணிலேயே காட்டவில்லை. விதிகள் மட்டும்தான்.

"ஏலே, ஏட்டி, எல்லாரும் கேளுங்க. துப்பாக்கி வாய் எப்பமும் அட்டையப் பாத்துதான் இருக்கணும். யாரும் கூப்புட்டா தலையத் திருப்புங்க, துப்பாக்கியத் திருப்பாதிய. சுடச் சொல்லுத வரைக்கும் விரல் உள்ள போகக் கூடாது. குண்டு உள்ள மாட்டிக்கிட்டுன்னா நோண்டக் கூடாது. கையத் தூக்கிட்டு அப்படியே இருங்க. நான் வருவேன்."

அவர் பேசியதைக் கேட்டு நானே கையைத் தூக்கிவிடலாமா என்று இருந்தது.

பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வீட்டில் என்ன இருக்கிறது? ஆபீஸுக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, நானும் ஏதாவது உதவி செய்கிறேனே என்று மேடத்திடம் கேட்டேன்.

"சாருக்குச் சுடத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"அப்போ கொடியப் பிடிங்க. தெரிஞ்ச ஆளுன்னா கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாவ."

இப்படியாகப் பாதுகாப்பு அலுவலர் ஆனேன். பச்சைக் கொடி காட்டினால் சுடலாம். சிவப்புக் கொடி தூக்கினால் ஒருவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. செல்போன்களையெல்லாம் அணைத்து ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். சிவப்புக் கொடி சின்னதாக இருக்கிறது என்று நான் கடையில் இரண்டு கெஜம் சிவப்புத் துணி வாங்கிப் புதுசாகத் தைத்தேன். (கட்சி மாநாட்டுக்கா சார் என்று டெய்லர் கேட்டார்.) இந்தத் துணி பின்னால் என்னென்ன செய்யப் போகிறது என்று அப்போது தெரியாது.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மேடம் கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் கொடுத்தார். பிள்ளைகள் வடகரை, ஆலங்குளம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள். 'லோடு'க்கும் 'அன்லோடு'க்கும் குழம்பினார்கள். எனக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்த கல்லூரிக் கவிஞன் எழுந்து உட்கார்ந்தான். நான் தமிழில் ஆக்கித் தருகிறேன் என்றேன். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் முக்கியக் காரணம். ஏற்று, தொடங்கு, நிறுத்து, இறக்கு. நான்கும் அழகாக அமைந்துவிட்டன. கடைசியாக, துப்பாக்கிக்குள் குண்டு இல்லை என்று ஒவ்வொருவரும் திறந்து காட்டிச் சொல்லுகிற 'கிளியர்'. அதற்கு ஒரு சொல் வேண்டும். ஒன்றரை வருஷமாகத் தினமும் வாசலில் பார்க்கிற சொல்தான் முதலில் வந்தது. காலி.

யாழினி மட்டும் தயங்கினாள். "காலின்னா வேற மாதிரியும் அர்த்தம் வருமேப்பா."

"நல்ல சொல்லும்மா. சுருக்கமா இருக்கு. யார் தப்பா எடுத்துக்கப் போறா?" என்றேன்.

ஐந்து நாள் யாரும் தப்பாக எடுக்கவில்லை. அந்த ஐந்து நாளும் எனக்குக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. யாழினி எட்டாம் நம்பர் மேசை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பேசினாள். மூச்சை எங்கே நிறுத்த வேண்டும், அன்றைக்கு எத்தனை குண்டு அட்டையின் நடுவில் விழுந்தது, மேடம் யாரைத் திட்டினார். நான் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த லீவுக்கும் பயிற்சி இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்று நானே முடிவு செய்து சொன்னேன். அந்த ஷெட் இருக்கிற வரைக்கும் எனக்கு மகள் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை. தோப்பில் தேங்காய் வெட்டு. முருகேசன் என்கிற மரமேறி, எங்கள் ஷெட்டை ஒட்டிய மரத்து உச்சியில் இருந்தார். அவர் அந்த ஊருக்குப் புதுசு. உள்ளே பயிற்சி நடப்பது அவருக்குத் தெரியாது. மேலே இருந்து தகரக் கூரை மட்டும்தான் தெரியும். கூரைக்குக் கீழே இருந்து அவர் கேட்டது இது. (பிறகு அவரே எனக்கு நடித்துக் காட்டினார்.)

முதலில் டப், டப், டப் என்று சத்தம். அப்புறம் ஒரு போலீஸ் தொனியுள்ள பெண் குரல்.

"நிறுத்து. ஒண்ணு?"

"காலி."

"ரெண்டு?"

"காலி."

இப்படியே ஏழு வரைக்கும் காலி. முருகேசன் மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எட்டு?"

"எட்டு இன்னும் காலி ஆகல மேடம். உள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்கு."

"அசையாத. நான் கம்பி எடுத்துட்டு வந்து முடிச்சு விடுதேன்."

யாழினியின் துப்பாக்கிக் குழாய்க்குள் குண்டு மாட்டிக்கொண்டது. அதைத் தள்ளி எடுக்கிற கம்பி மேடத்தின் ஸ்கூட்டரில் இருந்தது. தோப்பு வாசலில் ஸ்கூட்டர். மேடம் போனார். நான் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். மற்ற ஏழு பிள்ளைகளும் கோட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். யாழினி ஒரு கையால் துப்பாக்கியை அட்டையை நோக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கிக்கொண்டு, சொன்னபடி அசையாமல் இருந்தாள். எல்லாம் விதிப்படி.

முருகேசன் மரத்தில் இருந்தபடியே ரோட்டோர டீக்கடைக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, தோப்பு ஷெட்டுக்குள்ள சுட்டுட்டாவ. ஏழு காலி. எட்டாவது ஆளு பொம்பளப் பிள்ள. உயிரோடதான் இருக்கு. கம்பி எடுக்கப் போயிருக்காவ."

டீக்கடையில் இருந்த பதினைந்து பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்த மனுஷர்களை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, ஒரு பெண்பிள்ளையைக் காப்பாற்ற வெறுங்கையோடு வந்தவர்கள். வாசல் வழியாக வந்தால் ஆபத்து என்று புத்திசாலித்தனமாக யோசித்து, ஷெட்டின் பக்கவாட்டு அரைச் சுவரைத் தாண்டிக் குதித்தார்கள். குதித்த இடம் குறி அட்டைகளுக்குப் பக்கத்தில்.

இந்த நேரத்தில் பாதுகாப்பு அலுவலர் செய்ய வேண்டியது, கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு "நிறுத்து" என்று கத்துவது. அந்தச் சொல்லை நான்தான் கண்டுபிடித்தேன். அது வாயில் வரவில்லை. எட்டாம் நம்பர் துப்பாக்கியில் குண்டு இருக்கிறது, எதிரே ஆட்கள் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் மண்டையில் நின்றது. யாருமே ஒருபோதும் தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டி, இரண்டு கெஜச் சிவப்புத் துணியை வீசிக்கொண்டு அவர்களை நோக்கி ஓடினேன்.

"இடத்தக் காலி பண்ணுங்க. எல்லாரும் காலி. உடனே காலி."

மிச்சம் இருப்பவர்களையும் முடிக்க ஒருவன் வருகிறான் என்று நினைத்து முன்னால் நின்ற பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அட்டைத் தாங்கியில் கால் தடுக்கி மல்லாக்க விழுந்தேன். சிவப்புத் துணி பறந்து வந்து நெஞ்சின்மேல் படுத்துக்கொண்டது. "இவனும் காலி" என்று யாரோ சொன்னார்கள். யாரோ போட்டோவும் எடுத்தார்கள்.

அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. "அப்பா, கோட்டுக்குப் பின்னால போ."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். யாழினி இடத்தை விட்டு அசையவில்லை. முன்னால் ஆள் வந்துவிட்டதால் துப்பாக்கியின் வாயை மேசைக்கு முன்னாலிருந்த மணல் மூட்டையில் ஊன்றியிருந்தாள். விரல் வெளியே. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. இடுப்பில் அடி, சட்டை கிழிசல், சுற்றிலும் பதினைந்து பேர். அவ்வளவுக்கு நடுவிலும் நான் கவனித்தது ஒன்றைத்தான். 'போங்க' என்று சொல்லவில்லை. 'போ' என்றாள்.

மேடம் கம்பியோடு ஓடி வந்தார். (கம்பியைப் பார்த்ததும் நான்கு பேர் வந்த சுவரையே திரும்பத் தாண்டினார்கள்.) விசில் அடித்தார். முதலில் யாழினியிடம் போய் குண்டைத் தள்ளி எடுத்துவிட்டுத்தான் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "எட்டு?" என்றார். "காலி" என்றாள் யாழினி. கும்பிட்ட பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் ஜீப் வந்தது. வந்த எஸ்.ஐ. மேடத்தைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார். மேடத்திடம் பயிற்சி எடுத்தவராம். அவருக்கும், கூடியிருந்தவர்களுக்கும், பதறிப்போய் வந்த பெற்றோர்களுக்கும் காலி என்ற சொல்லின் பல்வேறு பொருள்களை நான் நின்றுகொண்டு விளக்க வேண்டியிருந்தது. கல்லூரியில்கூட நான் இவ்வளவு பேர் முன்னால் பேசியதில்லை.

"எல்லாம் சரி சார்," என்றார் எஸ்.ஐ. "கிளியர்னே சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா."

மதியத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டார்கள். மன்றத்துக்காரர்கள் இந்த வருஷத்துக்குப் போதும் என்று ஷெட்டைப் பூட்டினார்கள். பிள்ளைகள் ஒரு விதியைக்கூட மீறவில்லை என்று மேடம் சொல்லிப் பார்த்தார். மீறியது கொடி பிடித்தவன் மட்டும்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஆசையாகச் சொல்லிக்கொடுத்த சொல் என் மகளின் லீவைக் காலி செய்துவிட்டது.

கூடையிலிருந்து போனை எடுத்து ஆன் செய்தேன். செல்வியிடமிருந்து இருபத்திமூன்று தவறிய அழைப்புகள். நெஞ்சில் சிவப்போடு நான் கிடந்த போட்டோ, திருவேங்கடத்தில் இருக்கிற என் அண்ணி வழியாகக் கோவைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில் பஸ் சத்தம்.

"யாழினி?"

"நல்லா இருக்கா. எனக்கும் ஒண்ணும் இல்ல. அது துணி. நீ திரும்பிப் போயிரு," என்றேன்.

"பழனி தாண்டியாச்சு," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். கேட்டுக்கு வெளியே அவள் அப்படியே நிற்பதை மாடியிலிருந்து பார்த்தேன். முதன்முதலாகப் புருஷன் வீட்டுக்கு வருகிறவள், 'வீடு காலி' என்ற போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். அந்த போர்டைக் கம்பியோடு பிய்த்து எடுத்துச் சாக்கடை ஓரமாகப் போட்டாள்.

சாப்பிடும்போது கேட்டேன். "நீ நர்ஸு. போட்டோவ பாத்தா ரத்தமா துணியான்னு உனக்குத் தெரியாதா?"

"பாத்த உடனே தெரிஞ்சுட்டு."

"பின்ன ஏன் வந்த?"

"நீங்க கீழ கெடந்தியள்லா," என்றாள் செல்வி.

மறுநாள் மூன்று பேரும் அந்தக் குழாய்த் தண்ணீர் அருவிக்குப் போனோம். அதற்கு மறுநாள் இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டேன். செல்விக்கு டியூட்டி. யாழினிக்கு இங்கே இருக்க இனி வேலை இல்லை. திரும்பி வந்து பார்த்தால் போர்டு இல்லாத கேட் வெறிச்சென்று இருந்தது. வீடு கேட்டும் யாரும் படியேறி வரவில்லை.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ காலில் யாழினி வரிசை கூப்பிடுவாள். "ஒண்ணு?" செல்வி "காலி" என்பாள். "ரெண்டு?" யாழினியே "காலி" என்பாள். "மூணு?" நான் "காலி." அன்றைக்குப் பொழுது பிரச்சினை இல்லாமல் முடிந்தது என்று அர்த்தம். சிரித்துவிட்டு வைத்துவிடுவோம். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் விசேஷ வீட்டுப் பந்தியில் பாயசத்துக்கு நான் கையைத் தூக்கினால், "என்ன, மாட்டிக்கிட்டா?" என்று அண்ணி கேட்பது வழக்கம்.

ஆனியில் சாரல் ஆரம்பித்தது. ஊரெல்லாம் குடும்பம் குடும்பமாக ஆட்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்க் கூட்டத்தில் தனியாகக் குளித்துவிட்டு வந்தேன். ஏழு மணிக்கு போன் வந்தது. ஒண்ணு காலி. ரெண்டு காலி.

"மூணு?"

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். "மூணு இன்னும் காலி ஆகல. உள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் குரல் கெட்டுப்போயிற்று.

யாழினி திரும்பிச் செல்வியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நோண்டாத. கையத் தூக்கிட்டு அப்படியே இரு. நாங்க வாரோம்."

சனிக்கிழமை காலை தென்காசி பஸ் ஸ்டாண்டில், குடையும் பெட்டியுமாக அத்தனை பேர் பார்க்க, வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பஸ் படியில் இறங்கி வந்த யாழினி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இறக்கு," என்றாள்.